மெயினுக்கு முன்னால் நாலு வரி

வீட்டு மேல்தொட்டி மோட்டாருக்கு நானே ஒரு கண்ட்ரோலர் செய்து மாட்டியிருந்தேன். ஏடிமெகா328பி சிப், 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், இரண்டு வரி எல்சிடி. புரோகிராமை ஏற்றித் தரும் பூட்லோடர் கிடையாது, புரோகிராமர் வைத்து நேராக ஏற்றியது. மோட்டாரை ஆன்-ஆஃப் செய்யும் கான்டாக்டர் விடும்போது வரும் நாய்ஸில் சிப் எப்போதாவது உறைந்துவிடும் என்பதால் வாட்ச்டாக்கை, அதாவது புரோகிராம் குறித்த நேரத்துக்குள் தொடாவிட்டால் சிப்பை ரீசெட் செய்யும் டைமரை, 2 செகண்டுக்கு வைத்திருந்தேன்.

ஒரு நாள் காலையில் குழாயில் தண்ணீர் இல்லை. எல்சிடியில் முந்தின நாள் எழுத்து அப்படியே நிற்கிறது. ரீசெட் பட்டனை அழுத்தினேன், அசையவில்லை. பிளக்கைப் பிடுங்கிச் செருகினதும் ஒன்றுமே நடக்காதது போல ஓட ஆரம்பித்தது.

ஹார்டுவேர் கோளாறு என்று நினைத்து கிரிஸ்டல், கெபாசிட்டர் எல்லாம் மாற்றி இரண்டு சாயங்காலம் போனது. அப்புறம்தான் டேட்டாஷீட்டை நிதானமாகப் படித்தேன். வாட்ச்டாக் ரீசெட் ஆன பிறகு வாட்ச்டாக் அணைவதில்லை. நான் வைத்த 2 செகண்டும் போய், இருப்பதிலேயே குறைந்த நேரத்துக்கு, அதாவது சுமார் 16 மில்லிசெகண்டுக்கு, வந்துவிடுகிறது. ரீசெட் காரணத்தைக் குறித்துவைக்கும் எம்சியூஎஸ்ஆர் ரெஜிஸ்டரில், வாட்ச்டாக்கைக் குறிக்கும் டபிள்யூடிஆர்எஃப் பிட் 1 ஆக இருக்கும்வரை அதை அணைக்கவும் முடியாது. அந்த பிட்டை நாமே 0 எழுதி அழிக்க வேண்டும், இல்லையென்றால் கரன்ட் போய் வர வேண்டும். பட்டன் ஏன் உதவவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

ஆனால் என் கோட் தொடங்கும் செட்டப் ஃபங்ஷனின் முதல் வரியிலேயே பிட்டை அழித்து வாட்ச்டாக்கை அணைத்திருந்தேனே! சிக்கல் அதற்கும் முன்னால் இருந்தது. எல்சிடியை குளோபல் ஆப்ஜெக்டாக வைத்திருந்தேன். அதைத் தயார்செய்யும் கன்ஸ்ட்ரக்டர், செட்டப்பைக் கூப்பிடும் மெயினுக்கு முன்பே ஓடி, டிஸ்பிளே தயாராக 50 மில்லிசெகண்ட் காத்திருக்கிறது. 16-இல் ரீசெட், திரும்ப 16-இல் ரீசெட். செட்டப்பை எட்டவே இல்லை.

இந்த வகை சிப்புகளுக்கான சி லைப்ரரியான ஏவிஆர் லிப்சியில், மெயினுக்கு முன் ஓடும் ஸ்டார்ட்அப் கோட் இனிட்0 முதல் இனிட்9 வரை வரிசையாக ஓடும். இனிட்2-இல் ஸ்டாக் தயாராகும், ஆர்1 ரெஜிஸ்டர் 0 ஆகும். இனிட்4-இல் குளோபல் மாறிகளுக்கு மதிப்பு ஏறும், மதிப்பு கொடுக்காதவை 0 ஆகும். இனிட்6-இல் கன்ஸ்ட்ரக்டர்கள். நமக்கென்று விட்டுவைத்த இடங்களில் ஒன்று இனிட்3. முதலில் எல்ஈடியை எரியவைக்கும் ஒரே ஒரு வரியை அங்கே போட்டுப் பார்த்தேன். அதுவரை இருட்டாகவே இருந்த எல்ஈடி படபடவென்று துடித்தது. சரி, இங்கே வரை வருகிறது.

இனிட்3-இல் வைக்கும் ஃபங்ஷனுக்கு நேக்கட் ஆட்ரிபியூட் அவசியம், கம்பைலர் தானாகச் சேர்க்கும் தொடக்க, முடிவு கோட் வேண்டாம் என்று சொல்வது அது. அந்த ஃபங்ஷனை யாரும் கூப்பிடுவதில்லை, ஓட்டத்தில் அப்படியே கடந்து போகிறது. முடிவில் ரிட்டர்ன் இருந்தால் ஸ்டாக்கில் திரும்பிப் போக முகவரி இருக்காது. யூஸ்டு ஆட்ரிபியூட்டையும் சேருங்கள், இல்லையென்றால் கம்பைலர் தேவையில்லை என்று தூக்கிவிடலாம். இன்னும் சீக்கிரம் ஓடட்டும் என்று இனிட்1-இல் வைக்காதீர்கள். ஆர்1-இல் 0 இருக்கிறது என்று நம்பித்தான் சி கம்பைலர் கோட் எழுதுகிறது. அங்கே அது உறுதியில்லை.

உள்ளே நாலே வரி: எம்சியூஎஸ்ஆரை ஒரு மாறியில் எடுத்துவை, அதை 0 ஆக்கு, வாட்ச்டாக்கை அணை, ரிலே பின்னை ஆஃப் நிலையில் வை. எடுத்துவைத்த மதிப்பு முதலில் எப்போதும் 0 என்றே வந்தது. சாதாரண குளோபலாக வைத்ததால் இனிட்4 துடைத்துவிட்டது. ஸ்டார்ட்அப் கோட் தொடாத நோஇனிட் செக்‌ஷனுக்கு மாற்றியதும் மதிப்பு அழியாமல் நின்றது.

வேண்டுமென்றே முடிவில்லா லூப்பில் தள்ளி 20 தடவை சோதித்தேன். ஒவ்வொரு முறையும் 2 செகண்டில் எழுந்து வந்தது. ரீசெட் காரணத்தை இப்போது எல்சிடியின் மூலையில் காட்டுகிறேன். போன வாரம் ஒரு காலையில் அங்கே 8, அதாவது டபிள்யூடிஆர்எஃப் பிட், என்று இருந்தது. இரவில் வாட்ச்டாக் எழுப்பிவிட்டிருக்கிறது. தொட்டி நிறைந்திருந்தது.