வலது தொடை

ஜூன் 3
வலது முட்டியில் ஜவ்வு ஆபரேஷன் ஆகியிருக்கிறது. சுருட்டின துண்டை முட்டிக்கு அடியில் வைத்து அழுத்தச் சொன்னார் பிசியோ. அழுத்தினேன் என்றுதான் நினைத்தேன். இடது தொடை கல்லாக இறுகுகிறது, வலது பிசைந்து வைத்த மாவு மாதிரி கிடக்கிறது.

ஜூன் 4
நேற்று மாதிரியேதான்.

ஜூன் 6
அம்மாவின் தையல் டேப். முட்டிச்சில்லுக்கு மேல் 10 செ.மீ. தள்ளிப் பேனாவால் கோடு போட்டு அளந்தோம். இடது 47, வலது 44. அதுவும் வீக்கத்தோடு சேர்த்து. "ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கிறப்பகூட யாரும் இப்படிப் படுத்தினதில்லடா" என்று சொல்லிக்கொண்டே நாலாவது தடவையும் அளந்தாள். ராத்திரி ஆட்டுக்கால் சூப்.

ஜூன் 9
இன்று கேட்டேவிட்டேன், சார், நரம்பு கிரம்பு போயிடுச்சா என்று. சிரித்தார். முட்டிக்குள் நீர் கோத்திருக்கிற வரைக்கும் அங்கிருந்து போகிற சேதி தண்டுவடத்திலேயே தொடைக்கு வருகிற உத்தரவைத் தடுத்துவிடுமாம், சதை நன்றாகத்தான் இருக்கிறதாம், அதைக் கூப்பிடுகிற ஆள்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறான். முதலில் வீக்கம் வடியணும். அப்பா அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். "சோம்பேறித்தனம்" என்று முந்தாநாள் சொன்னவர் ஒன்றும் பேசவில்லை.

ஜூன் 10
ஐஸ். காலைத் தலையணை மேல் தூக்கி வைத்தல். ஐஸ்.

ஜூன் 13
துடித்தது!! முட்டிக்கு மேலே உள்பக்கம், விரலை வைத்துக்கொண்டு அழுத்தும்போது, தோலுக்கு அடியில் மீன் குஞ்சு புரண்ட மாதிரி. மறுபடி அழுத்தினேன், இல்லை. மறுபடி, வந்தது. மணி ஒன்றரை, யாரை எழுப்பிச் சொல்வது?

ஜூன் 17
காலைத் தூக்கிவிட்டேன். ஆனால் குதிகால் கட்டிலிலேயே தங்கி, முட்டி மடங்கின பிறகுதான் எழும்புகிறது. அப்படி மடங்குவது நிற்கிற வரை முட்டிக்குப் போட்டிருக்கிற பிரேஸைக் கழற்றக் கூடாது என்கிறார் பிசியோ. அளவு 43. குறைந்திருக்கிறது! வீக்கம் வடிந்ததால்தானாம். சரி, நம்புகிறேன்.

ஜூன் 19
குமுளிப் பக்கம் கபடி மேட்ச், வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். என் இடத்தில் ஒரு பொடியன், ரெய்டு நன்றாகத்தான் போகிறான். நான் திரும்ப ஆட ஒன்பது மாசம். அதுவும் தொடை ஒத்துழைத்தால். பின்தொடைத் தசைநாணை எடுத்துத்தான் ஜவ்வு கட்டியிருக்கிறார்கள், முன்தொடையில் கத்தியே படவில்லை, அப்புறம் அது ஏன் ஸ்டிரைக் பண்ண வேண்டும்?

ஜூன் 22
படி ஏறும்போது முதலில் நல்ல கால், இறங்கும்போது ஆபரேஷன் கால். மூன்றாவது படியில் முட்டி மடங்கிவிட்டது. கைப்பிடி இருந்தது. யாரும் பார்க்கவில்லை.

ஜூன் 25
43.5. அம்மா டேப்பைத் தளர்த்திப் பிடித்தாளோ என்று சந்தேகம். நாளைக்கு நானே அளக்கிறேன்.