இணையவழி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: முதல் ஆட்டத்திற்கு எதை வாங்கினேன், எதை வாங்கியிருக்க வேண்டியதில்லை

கல்லூரி நாட்களில் பாளையங்கோட்டையில் ஒரு நண்பர் வீட்டு மாடியில், பகடையும் பென்சிலுமாக நாங்கள் ஐந்து பேர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுவோம். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாக மாறிப் பகடை உருட்டிச் சாகசம் செய்யும் ஆட்டம் அது. இப்போது ஒருவர் ஷார்ஜாவில், ஒருவர் கோயம்புத்தூரில், அத்தை மகன் அம்பாசமுத்திரத்தில் என்று பிரிந்துவிட்டோம். ஞாயிறு இரவு 9 மணிக்கு (ஷார்ஜாவில் அப்போது ஏழரை) எல்லோரும் இணையத்தில் கூடுவது என்றும், கதையை நடத்தும் டிஎம் பொறுப்பை நான் ஏற்பது என்றும் சித்திரையில் முடிவு செய்தோம்.

முதல் வாரமே தவறு செய்தேன். எந்தத் தளத்தில் விளையாடப் போகிறோம் என்று தீர்மானிப்பதற்கு முன்பே, வேறொரு தளத்தில் விதிப்புத்தகத்தின் டிஜிட்டல் பதிப்பை ஏறக்குறைய ரூ.2,500 கொடுத்து வாங்கிவிட்டேன். அந்தப் புத்தகத்தை அந்தத் தளத்தில் படிக்கலாம், அங்கே கேரக்டர் ஷீட் (கதாபாத்திரத்தின் திறன்களைக் குறிக்கும் தாள்) தயாரிக்கலாம். ஆனால் நாங்கள் விளையாடவிருந்த இணைய மேசைக்குள், அதாவது வரைபடத்தையும் பகடையையும் எல்லோர் திரையிலும் காட்டும் தளத்துக்குள், அது தானாக வராது, அங்கும் வேண்டுமென்றால் மறுபடியும் விலை கொடுத்தே வாங்க வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. டிஜிட்டல் புத்தகத்தை வாங்குகிறவர் அதை அந்தத் தளத்துக்குள் பயன்படுத்தும் உரிமையைத்தான் வாங்குகிறார். ஆகவே மேசையை முதலில் முடிவு செய்துவிட்டு உள்ளடக்கத்தைப் பிறகு தேடுவதே முறை.

மேசைக்கு ஃபவுண்ட்ரி, ரோல்20 என்ற இரண்டையும் பார்த்தேன். ஃபவுண்ட்ரிக்கு நடத்துபவர் ஒருவர் மட்டும் ஒருமுறை 50 டாலர் கட்டினால் போதும். மற்றவர்கள் உலாவி வழியாகச் செலவின்றிச் சேரலாம். ஆனால் பொதுவாக நடத்துபவரின் கணினியே சர்வராக, அதாவது மற்றவர்கள் வந்து இணையும் கணினியாக, இருக்க வேண்டும். என் வீட்டு பிராட்பேண்ட் இணைப்பில் ஒரே பொது ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுத்திருந்ததால், ரவுட்டரில் 30000 என்ற போர்ட்டை (வெளி இணைப்பு உள்ளே வரும் வழி) திறந்து வைத்தும் வெளியிலிருந்து ஒருவராலும் உள்ளே வர முடியவில்லை. வெளியே சர்வர் வாடகைக்குக் கிடைக்கும்; தொடர்ந்து விளையாடுவோமா என்பதே உறுதியாகாத நிலையில் மாதச் செலவு எனக்குச் சரியாகப் படவில்லை. ரோல்20-இன் இலவசக் கணக்கோடு தொடங்கினோம்.

விதிகளுக்காக அதற்கு மேல் ஒரு ரூபாயும் செலவழிக்கவில்லை. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பான எஸ்ஆர்டி 5.1, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொதுப் பயன்பாட்டு உரிமத்தில் வெளியிடப்பட்டது. ரோல்20-க்குள்ளேயே அது இலவசமாகக் கிடைக்கிறது. வீரர், மந்திரவாதி போன்ற 12 கேரக்டர் வகுப்புகளும் அதில் உண்டு, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு உட்பிரிவுதான். கேரக்டரின் முன்வாழ்க்கையைச் சொல்லும் பின்னணியும் ஒன்றே ஒன்று. குறையாகத் தோன்றும் இந்தச் சுருக்கம் எங்களுக்குப் பெரும் உதவியாக இருந்தது. நூறு தேர்வுகளுக்கு நடுவே திகைக்காமல் நான்கு பேரும் ஒரே மாலையில் கேரக்டர்களை உருவாக்கி முடித்தார்கள். கையில் இவ்வளவு இருக்கும்போது அந்த ரூ.2,500-ஐ முதல் நிலை கேரக்டர்களுக்காகச் செலவழித்திருக்கத் தேவையே இல்லை.

உண்மையான உழைப்பு சாகசக் கதையைத் தேர்ந்தெடுப்பதில்தான் இருந்தது. செலவில்லாமல் கிடைத்த ஒரு பிடிஎஃப் சாகசத்தை எடுத்து, அதிலிருந்த குகை வரைபடத்தைப் படமாக வெட்டி மேசையில் ஏற்றினேன். ரோல்20-இல் ஒரு கட்டம் 70 பிக்சல், விளையாட்டுக் கணக்கில் ஐந்து அடி. என் படத்தில் இடது ஓரத்துக் கட்டங்கள் பொருந்தினால் வலது ஓரத்தில் அரைக் கட்டம் விலகி நின்றது. மூன்றுக்கு மூன்று கட்டங்களைக் குறித்துக் காட்டினால் படத்தைத் தானே பொருத்தும் வசதி அங்கே இருப்பதைக் கண்டுபிடிப்பதற்குள் நள்ளிரவு ஆகிவிட்டது. அதைவிடப் பெரிய கோளாறு ஒத்திகையில் வெளிப்பட்டது.

“அண்ணே, அந்தச் செவத்துல எஸ்னு ஒரு எழுத்து கெடக்கே, அது என்னதுண்ணே?” என்று கேட்டான் அத்தை மகன்.

இரகசியக் கதவுக்கு டிஎம் வரைபடத்தில் இடும் குறி அது. அறை எண்களும் பொறி இருக்கும் இடங்களும்கூட எல்லோருடைய திரையிலும் அப்படியே தெரிந்தன. ஒரு மாதத்து ஆர்வம் அந்த ஒரு எழுத்தில் வீணாகிவிடுமோ என்று எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

அதன்பின் ரோல்20-க்கென்றே தயாரித்து விற்கப்படும் சிறிய சாகசம் ஒன்றை வாங்கினேன். விவரக் குறிப்பில் நான் தேடிப் பார்த்தவை இவ்வளவுதான்: முதல் நிலையில் தொடங்க வேண்டும், மூன்று நான்கு அமர்வுகளில் முடிய வேண்டும், குறிகள் இல்லாத வீரர் வரைபடம் தனியாக இருக்க வேண்டும், ஒவ்வோர் எதிரியின் டோக்கனிலும் (மேசையில் அதைக் குறிக்கும் சிறு படம்) உயிர்ப்புள்ளியும் (எவ்வளவு அடி தாங்கும் என்ற எண்) காப்பு எண்ணும் (அதைத் தாக்கப் பகடையில் எட்ட வேண்டிய எண்) முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். கடைசி நிபந்தனைதான் நேரத்தை மிகவும் மிச்சப்படுத்தியது. காப்ளின் எனும் குட்டிப் பூதங்கள் ஆறு ஒரே சமயத்தில் பாயும் சண்டையில் ஒவ்வொன்றின் கணக்கையும் காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தால் கதை நின்றுவிடும்.

வாசித்துக் காட்ட வேண்டிய ஆங்கிலப் பத்திகளை முந்தைய நாளே தமிழில் எழுதி வைத்துக்கொண்டேன். காப்ளினைக் குறளி என்று மாற்றியதும், சிறு வயதில் ஆச்சியிடம் கேட்ட கதைகள் நினைவுக்கு வந்து எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மூலத்தைக் குறிப்பிட்டால் மொழிபெயர்க்கவும் பகிரவும் எஸ்ஆர்டி-யின் உரிமம் இடம் தருவதால், குறளியின் தாக்குதல் விவரங்களையும் சில மந்திரங்களையும் தமிழில் எழுதி நால்வருக்கும் கொடுத்தேன். வாங்கிய சாகசத்தின் உரைக்கு அந்த உரிமை கிடையாது. அதன் மொழிபெயர்ப்பு என் குறிப்பேட்டில் மட்டுமே இருக்கிறது.

மூன்றாவது ஞாயிறன்று நால்வரும் 300 அனுபவப் புள்ளிகளை எட்டி இரண்டாம் நிலைக்கு வந்தார்கள். அடுத்த கதையைப் பொதிகை அடிவாரத்துக் காட்டில் நடப்பதாக நானே எழுதிக்கொண்டிருக்கிறேன். அதற்கான வரைபடத்தைக் கட்டத்துக்கு 70 பிக்சல் என்று அளந்து வரைகிறேன். இரகசியக் கதவுகளை டிஎம்முக்கு மட்டும் தெரியும் தனி அடுக்கில் வைத்திருக்கிறேன்.