குதிகால் சம்மதிக்கும் அளவுக்கு: ஓட்டத்துக்குத் திரும்பும் நாட்குறிப்பு

ஜனவரி 5

வலது காலில் மட்டும் நின்று, குதிகாலை 25 முறை தொடர்ந்து உயர்த்திக் காட்டிய பிறகே இயன்முறை மருத்துவர் அனுமதி கொடுத்தார். ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படியே இருபது நிமிடங்கள். அதுவும் ஒன்றுவிட்டு ஒரு நாள். கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு பிணைக்கும் தசைநாணில் ஆடி மாதம் தொடங்கிய வலிக்கு, மார்கழியில் கிடைத்த சலுகை இவ்வளவுதான்.

ஜனவரி 6

மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தை வேண்டுமென்றே தவிர்த்துவிட்டு, வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குச் சென்றேன். மைதானத்தின் ஓடுதளத்தில் பக்கத்தில் ஒருவர் வேகமாகக் கடந்தால் கால் தானாகவே துரத்தத் தொடங்கிவிடும். குளக்கரையிலோ நடப்பவர்களே மிகுதி, தரையும் மேடு பள்ளமின்றி இருக்கிறது. ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ ஆயிரம் அடி என்பதால், ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். மூச்சு வாங்குவதற்குள் நடக்க வேண்டிய நேரம் வந்துவிடுவது எரிச்சலாகத்தான் இருந்தது. தினமும் எதிர்ப்படும் பெரியவர், “என்ன தம்பி, ஓடுறீங்களா, நடக்குறீங்களா?” என்று கேட்டார். இரண்டும்தான் என்றேன்.

ஜனவரி 7

ஓடும்போது வலி இல்லை என்பதை இந்தக் காயத்தில் நம்பக் கூடாது. உடல் சூடேறியதும் தசைநாணின் வலி மங்கிவிடும். மறுநாள் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் சில அடிகளில்தான் உண்மை தெரியும். வலிக்குச் சுழியத்திலிருந்து பத்து வரை மதிப்பெண் இடச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். ஐந்து வரை பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் மறுநாள் காலைக்குள் அது பழைய நிலைக்கு இறங்கியிருக்க வேண்டும். இன்று காலை இரண்டு. ஓட்டத்துக்குப் பின் ஏறத்தாழ ஒன்றரை நாள் வரை தசைநாணின் நார்ப்புரதமான கொலாஜன் கட்டப்படுவதைவிடச் சிதைவதே அதிகம் என்பதால்தான் இடையில் ஒரு நாள் ஓய்வு.

ஜனவரி 11

ஓட்டமில்லாத நாள், எனவே மாடிப்படி. படியின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் ஊன்றி, இரு கால்களாலும் எழும்பி, காயம்பட்ட காலால் மட்டும் குதிகாலைப் படிமட்டத்துக்குக் கீழே மெல்ல இறக்க வேண்டும். சுவீடனைச் சேர்ந்த ஹோகன் ஆல்ஃபிரெட்சனும் அவருடைய குழுவினரும் 1998-இல் வெளியிட்ட முறை இது. முழங்காலை நீட்டி 15 வீதம் மூன்று தடவை, மடக்கி அதேபோல் மூன்று தடவை, காலையும் மாலையும். நாளொன்றுக்கு 180, பன்னிரண்டு வாரங்கள். ஐப்பசியில் தொடங்கி அதை முடித்துவிட்டேன். இப்போது வாரம் மூன்று நாட்கள் போதும், ஆனால் சுமை கூடியிருக்கிறது. முதுகுப்பையில் ஐந்து கிலோ அரிசியுடன் நான் ஏறி இறங்குவதைப் பார்த்த அம்மா, “அரிசிய கீழ சிந்திராதடா” என்றதோடு விட்டுவிட்டார்.

ஜனவரி 15

பொங்கல். ஓய்வு நாளாகவே அமைந்தது.

ஜனவரி 18

நண்பர்கள் அழகர்கோவில் சாலைக்கு அழைத்தார்கள். மலையடிவாரம் வரைக்குமாவது வா என்றார்கள். மறுத்துவிட்டேன். ஓடும்போது இந்தத் தசைநாண் உடல் எடையைப் போல் ஆறு முதல் எட்டு மடங்கு விசையைத் தாங்குகிறது. மேட்டில் ஏறுகையில் பாதம் மேல்நோக்கி மடங்குவதால், அது நீண்ட நிலையிலேயே அந்தச் சுமையையும் தாங்க வேண்டியிருக்கிறது. முதலில் நேரம், பிறகு வேகம், கடைசியில்தான் மேடு. இந்த வரிசையை மாற்றுவதற்கில்லை.

ஜனவரி 21

பண்டிகைச் சாப்பாட்டுக்குப் பின் வயிறு சரியில்லை. மருந்துக்கடையில், மருத்துவர் சீட்டு எதையும் கேட்காமல் சிப்ரோஃப்ளாக்சசின் அட்டையை எடுத்து நீட்டினார்கள்; வாங்கவில்லை. அந்த வகை நுண்ணுயிர்க்கொல்லிகளால் குதிகால் தசைநாண் வீங்கவும், சிலருக்கு அறுந்துபோகவும் கூடும் என்பதால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இலேயே அவற்றுக்கு மிகக் கடுமையான எச்சரிக்கையை விதித்தது. அறுபது வயதைக் கடந்தவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து இன்னும் கூடுதல். தவிர்க்க முடியாத நோய்களுக்கு அது தேவைப்படலாம், அதை மருத்துவர் தீர்மானிக்கட்டும். ஆனால் வயிற்றுப்போக்குக்கெல்லாம் மிட்டாய் போல எடுத்துக் கொடுக்கும் வழக்கத்தை என்னால் சகிக்க முடியவில்லை. உப்பும் சர்க்கரையும் கலந்த நீரிலேயே இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று குடும்ப மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

ஜனவரி 25

நேற்றுத் திட்டப்படி மூன்று நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை. இன்று காலை வலி ஐந்து. காபி குடித்து முடிக்கும் வரை கால் விறைப்பு விடவில்லை. இயன்முறை மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டேன். நிறுத்த வேண்டாம், முந்தைய படிக்கு இறங்கி ஒரு வாரம் அங்கேயே இருங்கள் என்றார். சுமையே இல்லாமல் விட்டால் தசைநாண் வலுவிழக்கும் என்பது அவர் வாதம், எனக்கும் அதுவே சரியெனப் படுகிறது. ஆடியில் எனக்குக் கிடைத்த அறிவுரையெல்லாம் படுத்துக் கிட என்பதாகவே இருந்தது. படுத்திருந்து எழுந்த பின்னும் வலி அங்கேயேதான் இருந்தது.

ஜனவரி 30

தெப்பத் திருவிழாவுக்காகக் கரையெங்கும் கடைகள் முளைத்துவிட்டதால், வண்டியூர் கண்மாய்க் கரைக்கு மாறினேன். வலி ஒன்று.

பிப்ரவரி 5

நடையின்றித் தொடர்ந்து பத்து நிமிடம். மூச்சும் நெஞ்சும் முன்பே தயாராகிவிட்டன, இன்னும் ஓடு என்று தூண்டுகின்றன; இரத்த ஓட்டம் குறைந்த தசைநாணுக்கு அந்த வேகம் வராது. காலணிக்குள் குதிகாலுக்கு அடியில் வைத்திருந்த மெத்தையையும் இன்று எடுத்துவிட்டேன். குதிகால் தாழ்ந்தால் தசைநாணின் இழுவை கூடும் என்பதால், இந்த வாரம் நிமிடங்களைக் கூட்டப் போவதில்லை. காலை வலி இரண்டுக்குள் நின்றால் அடுத்த வாரம் பன்னிரண்டு.