மணலில் ஒற்றைச் சக்கரம்: ஜீப் டிஃபரன்ஷியல் வேலை

மே 28

டிஃபரன்ஷியலுக்குள் மாட்டுகிற கிட் வந்துவிட்டது. இரண்டு இரும்புத் தட்டு, அவற்றுக்கு நடுவில் உட்கார நாலு குட்டி ஸ்பிரிங், ஒரு துண்டுக் காகிதத்தில் படம். இவ்வளவுதான். இதற்கா இவ்வளவு பணம் என்று வீட்டில் கேட்டார்கள், நான் வாயைத் திறக்கவில்லை.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: நம்முடையது பழைய மஹிந்திரா டீசல் ஜீப், பின் சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி. ஓடுவது தங்கச்சிமடத்துக்கும் தனுஷ்கோடிக் கரைக்கும் நடுவில். 2017-ல் அரிச்சல்முனை வரை தார் ரோடு போட்ட பிறகு சுற்றுலாக்காரர்களை மணலில் ஏற்றிப்போகிற பிழைப்பு போய்விட்டது. இப்போது கரைவலைக்காரர்களின் வலை, கயிறு, மீன் பெட்டி, ஐஸ் இதெல்லாம்தான். ரோட்டிலிருந்து தண்ணீர் ஓரம் வரை இன்னும் மணல்தானே, சிக்கல் எல்லாம் அந்தக் கொஞ்ச தூரத்தில்.

டிஃபரன்ஷியல் என்பது எஞ்சின் இழுவையை இரண்டு பின் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற, ஆக்சில் நடுவில் இருக்கும் கியர் தொகுதி. சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் சமமான டார்க்கைத்தான் (முறுக்கு விசையைத்தான்) கொடுக்கும். வலது சக்கரம் காய்ந்த மணலில் சும்மா சுற்றுகிறது என்றால், அதைச் சுற்ற எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் கெட்டியான ஈர மணலில் நிற்கிற இடது சக்கரத்துக்கும் கிடைக்கும், எஞ்சின் என்னதான் கத்தினாலும். டார்க் எல்லாம் சுற்றுகிற சக்கரத்துக்கே போய்விடுகிறது என்பார்கள். இல்லை, இரண்டு பக்கமும் ஒரே அளவு குறைவாகப் போகிறது, அதுதான் விஷயம். லேசாகப் பிரேக்கை மிதித்துக்கொண்டே ஆக்சிலரேட்டர் கொடுத்தால் சில நேரம் வண்டி நகர்வதும் இதனால்தான், சுற்றுகிற சக்கரத்துக்கு ஒரு தடை கிடைக்கிறது. இந்தத் தட்டும் ஸ்பிரிங்கும் அதே தடையை உள்ளேயே எப்போதும் வைத்திருக்கும்.

ஜூன் 1

மீன்பிடித் தடைக்காலம் 14-ம் தேதி வரை இருக்கிறது. விசைப்படகு ஐஸ் லோடு இல்லை, வண்டியைப் பிரிக்க இதுதான் சமயம். பட்டறை பாய் கிட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“லாக்கரே போட்டுடலாமேப்பா, ரெண்டு சக்கரமும் கட்டிப்போட்ட மாதிரி இழுக்கும்.”

“இழுக்கும் பாய், ஆக்சில் தாங்கணுமே.”

நம் ஆக்சில் கூம்பு ஷாஃப்ட்டும் சாவியும் உள்ள பழைய ரகம். சாவி என்றால் ஒரு சிறு இரும்புத் துண்டு, சக்கரம் மாட்டுகிற ஹப் தனியாக வந்து அந்தச் சாவியில் உட்காரும். முழு லாக் போட்டுப் பாரத்தோடு ஒரே சக்கரத்தில் மொத்த முறுக்கும் விழுந்தால் முதலில் போவது சாவி, அப்புறம் ஷாஃப்ட். தார் ரோட்டில் வளைவிலும் இழுத்துக்கொண்டு நிற்கும். மஹிந்திராவின் புதிய ‘தார்’ (Thar) ஜீப்பில் தானாகப் பூட்டிக்கொள்கிற டிஃபரன்ஷியல் கம்பெனியிலிருந்தே வருகிறது, ஆனால் அது அந்த ஆக்சிலுக்காகச் செய்தது. நம்மிடம் இருக்கிற ஆக்சிலுக்கு இந்த ஸ்பிரிங் தட்டுதான் கட்டுப்படியாகும் என்று முடிவு செய்தோம்.

இன்று ஹப் கழற்றுவதோடு பொழுது போய்விட்டது. உப்புக் காற்றில் ஊறிய வண்டி, நட்டு கழலாமல் பூட்டுகிற காட்டர் பின்கூடக் கையோடு ஒடிந்து வந்தது. ஹப்பை இழுத்துக் கழற்றுகிற புல்லரைப் போட்டு இறுக்கும்போது நட்டை முழுவதும் எடுக்காமல் சில மரை விட்டு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஹப் விடுபடுகிற வேகத்தில் ஆள்மேல் வரும். புல்லர் திருகின் தலையில் சுத்தியலால் ஓங்கி அடிக்கவும் பாய் விடவில்லை. அடி ஷாஃப்ட் வழியே நேராக உள்ளே போய் இரண்டு ஷாஃப்ட்டுக்கும் நடுவில் இருக்கும் கட்டையையும் பேரிங்கையும் பதம் பார்க்கும் என்றார். இறுக்கிவிட்டு டீ குடிக்கப் போனோம், திரும்பி வந்து இன்னும் ஒரு கால் சுற்று. இடது பக்கம் ‘டக்’ என்று விட்டது, வலது பக்கம் மஹ்ரிப் (மாலைத் தொழுகை) வரை விடவில்லை.

ஜூன் 2

பின் மூடியைத் திறந்தால் ஆயில் பால் டீ நிறத்தில் வழிந்தது. கடல் தண்ணீர். அலை ஓரத்தில் சூடான ஆக்சிலோடு இறங்கினால் உள்ளே காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும், சுவாசக் குழாய் வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சிவிடும். கிட் வாங்காமல் இருந்திருந்தாலும் இந்த மூடியைத் திறந்தே ஆக வேண்டியிருந்தது போல. சுவாசக் குழாய்க்கு ஒரு ரப்பர் ஓஸ் மாட்டி பாடிக்கு மேலே ஏற்றிவிட வேண்டும், செலவு ஒன்றுமே இல்லாத வேலை.

டீசலில் கழுவிய பிறகு உள்ளே பார்க்க அழகாகத்தான் இருந்தது. டிஃபரன்ஷியலைச் சுற்றும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலின் பல் நன்றாக இருக்கிறது. ஸ்டார் பினியன் என்கிற இரண்டு சிறு கியரும் கோர்த்திருக்கும் குறுக்குப் பின்னைப் பிடித்திருக்கும் சிறிய பூட்டுப் பின்னைத் தட்டி எடுத்ததும் குறுக்குப் பின் அதன் ஓட்டை வழியாக வெளியே வந்தது, கிரவுன் வீல் தடுக்கவில்லை. இந்தக் கியர்களைத் தாங்கும் கூடான கேரியரைக் கழற்ற வேண்டாம், பல்லுக்குப் பல் இருக்கும் இடைவெளியான பேக்லாஷைத் தொட வேண்டாம் என்பதுதான் இந்த மாதிரி கிட்டின் பெரிய நன்மை. ஷாஃப்ட்டுகளை வெளியே இழுத்துவிட்டு ஷாஃப்ட் மாட்டும் சைடு கியரைக் கையால் சுற்றினால் இரண்டு ஸ்டார் பினியனும் எதிரெதிராக உருண்டு கேரியரின் ஜன்னலுக்கு (திறப்புக்கு) வந்துவிடும்.

சைடு கியருக்குப் பின்னால் இருக்கும் வாஷர் இரண்டும் பிளேடு மாதிரி தேய்ந்திருந்தன. அதை அப்படியே வைத்து மாட்டினால் கியர் வெளிப்பக்கமாகத் தள்ளி உட்காரும், ஸ்பிரிங் விரிந்து அழுத்தம் குறையும், ஸ்டார் பினியனும் பல் நுனியில் மட்டும் பிடிக்கும். ராமநாதபுரத்தில் புது வாஷர் கிடைத்தது.

ஜூன் 4

எதிர்பார்க்காத இடத்தில் நின்றது. நம் ஆக்சிலில் இரண்டு ஷாஃப்ட்டின் உள்முனைகளும் நடுவில் இருக்கும் ஒரு கட்டையில் போய் முட்டி நிற்கும். குறுக்குப் பின் அந்தக் கட்டையின் ஓட்டை வழியாகத்தான் போகும். வண்டி திரும்பும்போது ஒரு சக்கரம் உள்பக்கமாகத் தள்ளுகிற விசையை அந்தக் கட்டைதான் மறுபக்கம் கடத்தும். கிட்டில் வந்த தட்டின் நடு ஓட்டையோ கட்டை நுழையாத அளவுக்குச் சிறியது.

கட்டையைத் தூக்கிப்போட்டுவிட்டு மாட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது, பாய் கேட்டதுமே கையெடுத்துக் கும்பிட்டார். கட்டை இல்லாவிட்டால் ஷாஃப்ட் உள்ளே நழுவி நேராகக் குறுக்குப் பின்னில் இடிக்கும். ஆக, தட்டைத்தான் விரிக்க வேண்டும். லேத் பட்டறைக்காரர் அரம் வைத்து ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். அரம் வழுக்கியது, தட்டில் கோடுகூட விழவில்லை. சூடேற்றி இளக்கினால் தட்டு தேய்ந்துவிடும் என்பதால் கிரைண்டிங் கல் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக்கொண்டே விரித்தார். ஸ்பிரிங் குழிக்கும் நடு ஓட்டைக்கும் இடையில் போதுமான இரும்பு மிச்சம் இருக்கிறதா என்று காலிப்பர் வைத்துப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஜூன் 6

மாட்டியாயிற்று. சைடு கியர், வாஷர், ஸ்டார் பினியன் எல்லாம் முதலில். அப்புறம் தட்டு இரண்டையும் ஸ்பிரிங்கோடு சேர்த்து சி-கிளாம்பில் நெருக்கி ஜன்னல் வழியாக உள்ளே விட வேண்டும். நாலு ஸ்பிரிங்கும் நாலு பக்கம் ஓடப் பார்க்கும். கிரீஸ் தடவி குழியில் ஒட்டவைத்து, கிளாம்பை இறுக்கி, உள்ளே நுழைத்து, நடுக்கட்டையைச் சரியான வாகில் திருப்பிப் பிடித்து, கிளாம்பைத் தளர்த்திக்கொண்டே உருவ வேண்டும். பாய் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. குறுக்குப் பின் முழுவதும் போய் பூட்டுப் பின் ஏறியதும் இரண்டு பேரும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

ஷாஃப்ட்டின் முன்பின் ஆட்டத்தை டயல் கேஜ் வைத்துப் பார்த்தோம், ஆட்டத்தைச் சரிசெய்யும் பழைய ஷிம் தகடுகளைக் கழற்றிய பக்கத்திலேயே போட்டதால் மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஆயில் சாதாரண 80டபிள்யூ-90, ஜிஎல்-5. கிளட்ச் தட்டு வைத்த டிஃபரன்ஷியலுக்கு ஊற்றுகிற உராய்வு குறைக்கும் மருந்தைக் கடைக்காரர் சேர்த்துக் கொடுக்கப் பார்த்தார். வேண்டாம் என்றேன். உராய்வுக்காகத்தான் இவ்வளவு பாடு, அதைக் குறைக்கக் காசு எதற்கு?

ஜூன் 8

கியரை நியூட்ரலில் விட்டு, ஒரு பின் சக்கரத்தைத் தரையிலும் மற்றதை ஜாக்கியிலும் வைத்து, ஹப் நட்டில் டார்க் ரென்ச் மாட்டித் திருப்பிப் பார்த்தேன். முன்பு விரலால் சுற்றும். இப்போது 45 நியூட்டன் மீட்டரில்தான் அசைகிறது. டயரின் ஆரம் 35 சென்டிமீட்டர் என்று வைத்தால் டயர் விளிம்பில் சுமார் 13 கிலோ இழுவை. சுற்றுகிற பக்கம் அவ்வளவு குறைந்து நிற்கிற பக்கம் அவ்வளவு கூடும், ஆக இரண்டுக்கும் வித்தியாசம் 26 கிலோ. லோடு ஏற்றிய ஜீப்பை இளகிய மணலில் உருட்டவே அதைப்போல் பத்து மடங்கு வேண்டும். ஆகவே இதை மந்திரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் ஒன்று, இது கூட்டல் கணக்கு. கியர் வகை லிமிடெட் ஸ்லிப் (சறுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்) பெருக்கல் கணக்கில், சறுக்குகிற சக்கரத்தின் டார்க்கைப் பெருக்கி மற்றதற்குக் கொடுக்கும், ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் பூஜ்ஜியத்தைப் பெருக்கி என்ன பயன்? ஸ்பிரிங் தட்டு அப்போதும் தன் பங்கைக் கொடுக்கும்.

பட்டறைப் பையன்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்தது: இனி இந்த வண்டியில் ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கிவிட்டு எஞ்சினை ஓட்டி கியர் போடக் கூடாது. தரையில் இருக்கிற சக்கரமும் இழுக்கும், வண்டி ஜாக்கியிலிருந்து குதிக்கும். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் பெயிண்டால் எழுதியும் வைத்திருக்கிறேன்.

ஜூன் 9

காலி மைதானத்தில் எட்டு போட்டு மெதுவாக ஓட்டிப் பழக்கினேன். முழுதாக ஒடித்துத் திருப்பும்போது பின்னாலிருந்து ஒரு முனகல் வருகிறது, டயர் லேசாகக் கீறுகிறது. பாம்பன் பாலத்தில் நேராகப் போகும்போது ஒன்றுமே தெரியவில்லை.

ஜூன் 12

கம்பிப்பாடு. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று மணலை வாரி ரோட்டிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. முதலில் டயரில் 28 பவுண்டு காற்றோடு வெறும் வண்டியை இறக்கினேன். புதைந்தது. முன்பு ஒரு சக்கரம் குழி தோண்டும், இப்போது இரண்டும் சேர்ந்து தோண்டுகின்றன, அவ்வளவுதான் முன்னேற்றம். கரைவலை ஆட்கள் சிரித்துக்கொண்டே தள்ளிவிட்டார்கள். காற்றை 15-க்கு இறக்கியதும் வண்டி போனது. ஆனால் அது கிட் போடாத காலத்திலும் போகும், அதனால் அதைக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

நான் பார்க்க வந்தது ஆண்கடல் (மன்னார் வளைகுடா) பக்கச் சரிவை. தண்ணீர் ஓரத்துச் சக்கரம் ஈர மணலில், மேல் சக்கரம் காய்ந்த மணலில், பின்னால் நனைந்த வலை. 15 பவுண்டில்கூட எப்போதும் மாட்டுகிற இடம். முதல் கியரில் மெதுவாக விட்டேன். மேல் சக்கரம் சறுக்க ஆரம்பித்தது, ஒரு நொடி தயங்கியது, கீழ்ச் சக்கரம் பிடித்துக்கொண்டது, வண்டி முனகிக்கொண்டே மேலே ஏறிவிட்டது. வாலும் கொஞ்சம் கடல் பக்கம் நகர்ந்தது, அதைக் கவனத்தில் வைக்க வேண்டும். மழை ரோட்டிலும் இப்படி நகரும் என்று தோன்றுகிறது.

ஜூன் 20

ஆயில் மாற்றினோம். கீழே வடிந்ததில் வெள்ளிப் பொடி மாதிரி நுண்ணிய இரும்புத் தூள், துண்டு எதுவும் இல்லை. தண்ணீர் இல்லை. தட்டு தேயத்தான் செய்யும், தேயத் தேய ஸ்பிரிங் அழுத்தமும் இறங்கும். மறுபடி டார்க் ரென்ச் வைத்ததில் 41 காட்டியது, ஆரம்பத் தேய்மானம் என்று எடுத்துக்கொள்கிறேன். தீபாவளி வாக்கில் இன்னொரு முறை பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

சம்மாட்டி (படகு, வலை முதலாளி) ஒருவர் தன் வேனுக்கும் இதே மாதிரி போட்டுத் தரச் சொல்லி வந்தார். டயரைப் பார்த்தேன், 40 பவுண்டுக்கு மேல் அடித்துக் கல் மாதிரி இருந்தது. “அண்ணே, கரையில இறங்கும்போது முதல்ல காத்த இறக்கி ஓட்டிப் பாருங்க, ரோட்டுக்கு ஏறினதும் அடிச்சுக்கலாம். அப்புறமும் மாட்டுச்சுன்னா வாங்க” என்று ஒரு சின்ன கம்ப்ரஸரை மட்டும் வாங்கச் சொல்லி அனுப்பினேன்.