சாக்லேட் செஞ்சு தர யூனிட் தேடறேன்

வளைகாப்பு, காதுகுத்துக்குப் பேர் போட்ட சாக்லேட் 4 வருஷமா தண்டையார்பேட்டை வீட்டு அடுப்படியிலதான் செய்யறேன். இப்போ ஆர்டர் கை மீறிப் போச்சு. ஜாப் ஒர்க்குல, அதாவது கூலிக்குச் செஞ்சு தர யூனிட் தேடி 3 மாசமா அலையறேன்.

போன வாரம் மாதவரம் பக்கம் ஒரு இடம். ஒரு ஃப்ளேவருக்குக் குறைஞ்சது 100 கிலோன்னாங்க. எனக்கு மாசத்துக்கே 30 கிலோதான். அதுகூடப் பேசிக்கலாம். சாம்பிளை உடைச்சேன், 'டக்'னு சத்தமே வரல, மெழுகு மாதிரி வளைஞ்சுது. வாயில போட்டா மேலண்ணத்துல பிசுபிசுன்னு ஒட்டுது. அசல் சாக்லேட்டுல இருக்கற கோகோ பட்டர், அதான் கோகோ கொட்டைக் கொழுப்பு, 34 டிகிரி கிட்ட உருகிடும், வாய்ச் சூட்டுலயே கரையணும். இது வேற கொழுப்பு போட்ட காம்பவுண்ட். அதுக்கு 'ப்யூர் சாக்லேட்'னு லேபிள் ஒட்டிக்கலாம்னு சொன்னாங்க பாருங்க, எழுந்து வந்துட்டேன். புள்ளத்தாச்சிப் பொண்ணு சாப்பிடற பொருள்ங்க அது!

டார்க் சாக்லேட்டை 31, 32 டிகிரியில டெம்பர் பண்ணத் தெரிஞ்சிருக்கணும், அதாவது பளபளன்னு இறுகி 'டக்'னு உடையற மாதிரி சூட்டைப் பதமா வெச்சு எடுக்கணும். கவர்ல போட அவங்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) லைசென்ஸ் நம்பர் தரணும். வேர்க்கடலை ஓடின மெஷினைக் கழுவாம அடுத்த சரக்கு ஓட்டக்கூடாது, கடலை அலர்ஜி இருக்கறவங்களுக்கு ஆபத்து. மே மாசம் கரன்ட் போனா ஜெனரேட்டர் வேணும்.

செங்குன்றம், மணலி, அம்பத்தூர் எங்கயிருந்தாலும் நேர்ல வரேன். தெரிஞ்சவங்க இன்பாக்ஸ்ல சொல்லுங்க.