மூன்றாவது முறை கியர்பாக்ஸை இறக்காமல் தப்பித்த கதை

இரண்டு முறை கியர்பாக்ஸை இறக்கியாகிவிட்டது. இரண்டு முறையும் கிராங்க் ஷாஃப்டின் (எஞ்சினுக்குள் சுழலும் முக்கியத் தண்டு) பின்பக்க ஆயில் சீல், அதாவது ஆயில் வெளியே வராமல் தடுக்கும் வளையம், புதிதாக மாற்றப்பட்டது. இரண்டு முறையும் நாலு மணி நேரம் ஓட்டி முடித்து எஞ்சின் மூடியைத் திறந்தால் அடியில் கறுப்பாக ஆயில். படகு ஓட்ட வேண்டிய மாதங்களில் பாதி இப்படியே போனது. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. இதே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும் யாருக்காவது ஒரு முறையாவது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எஞ்சின் நாலு சிலிண்டர் டீசல், படகுக்குள் பொருத்தியது. ஒழுகுவது எந்த ஆயில் என்ற கேள்வி சீக்கிரம் முடிந்தது. வெள்ளைத் துணியில் தொட்டுப் பார்த்தேன், கன்னங்கரேலென்று இருந்தது. என் கியர்பாக்ஸில் இருப்பது சிவப்பு ஆயில். ஆக, எஞ்சின் ஆயில்தான். எஞ்சின் முழுவதையும் டிகிரீசர் போட்டுக் கழுவி, காயவைத்து, சந்தேகமான இடங்களில் டால்கம் பவுடர் தூவி அரை மணி ஓட்டினேன். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையிலுள்ள ஃப்ளைவீல் ஹவுசிங்கின் அடித்துளையில் ஈரம். வால்வு கவர் ஓரத்தில் லேசாக ஈரம். முன்பக்கப் புல்லிக்குப் பின்னாலும் ஒரு மெல்லிய வளையம். இந்த மூன்றையும் நோட்டில் எழுதி வைத்தேன். ஆனால் மூன்றையும் சேர்த்து யோசிக்கவில்லை.

மெக்கானிக் வந்து அடித்துளையைப் பார்த்தார். "பின்னாடி சீல் போயிருக்கு சார், கியர்பாக்ஸ இறக்கணும்" என்றார். வால்வு கவரைக் காட்டினேன். "அது கேஸ்கெட், தனியா மாத்திக்கலாம்." முன்பக்கத்தைக் காட்டினேன். "அதுவும் வயசான சீல்தான்." ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு பதில் இருந்தது. மூன்றும் ஏன் ஒரே சமயத்தில் வந்தன என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஷாஃப்ட் கப்ளிங்கைப் பிரித்து, கியர்பாக்ஸ், டேம்பர் தட்டு, ஃப்ளைவீல் எல்லாம் கழற்றி, சீலை மாற்றி, திரும்ப மாட்டி, கப்ளிங் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்துச் சரிபார்த்தார்கள். அந்த வேலையில் குறை சொல்ல மாட்டேன். படகைக் கட்டிய இடத்திலேயே இருபது நிமிடம் ஐடிலில் (சுமையில்லாத குறைந்த வேகத்தில்) ஓட்டிக் காட்டினார்கள். ஒரு சொட்டு இல்லை. அடுத்த வாரம் நாலு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் தட்டு நிறைய ஆயில்.

இரண்டாவது முறை, ஷாஃப்டில் சீல் உட்காரும் இடம் தேய்ந்து பள்ளமாகிவிட்டது என்றார்கள். உண்மையிலேயே நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு ஒரு கோடு இருந்தது. மெல்லிய உலோக வளையம் ஒன்றை அதன் மேல் ஏற்றி இன்னொரு புதுச் சீல் போட்டார்கள். மறுபடி இருபது நிமிட ஐடில், மறுபடி சுத்தம். மறுபடி ஒரு நீண்ட ஓட்டம், மறுபடி ஆயில். "மூணாவது தடவையும் இறக்கித்தான் பாக்கணும்" என்று சொன்னபோது நான் சம்மதிக்கவில்லை.

பெரிய ஜெனரேட்டர் எஞ்சின்களோடு பல வருடம் வேலை பார்த்த நண்பர் ஒருவரிடம் போனில் புலம்பினேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "டிப்ஸ்டிக் தானா மேல எழும்புதா?" ஆயில் மட்டம் பார்க்கும் அந்தக் குச்சி எழும்பிக்கொண்டுதான் இருந்தது. நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு அது அரை விரல் மேலே நிற்கும், சுற்றிலும் ஆயில் தெறித்திருக்கும். நான் அதை அழுத்திவிட்டு, துடைத்துவிட்டுப் போய்விடுவேன். "மூணு இடத்துல ஒழுகுது, டிப்ஸ்டிக்கும் எழும்புது. கிராங்க் கேஸ் பிரஷர அளந்து பாத்தியா?" கிராங்க் ஷாஃப்ட் சுழலும் அடிக்கூட்டுக்குள் இருக்கும் அந்த அழுத்தத்தை யாருமே அளக்கவில்லை.

நல்ல எஞ்சினிலும் எரிந்த வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும். அதைத்தான் புளோ-பை என்கிறோம். அது பிரீதர் என்ற காற்றுப்போக்கி வழியாக வெளியேற வேண்டும். ரிங் தேய்ந்து அளவுக்கு மீறி இறங்கினாலும் சரி, பிரீதர் அடைத்துக்கொண்டாலும் சரி, உள்ளே அழுத்தம் ஏறும். ஷாஃப்ட் சீல்கள் ஆயிலைத் தடுக்கச் செய்தவை, அழுத்தத்தைத் தாங்கச் செய்தவை அல்ல. எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே ஆயில் பிதுங்கும். புதுச் சீல் என்பதற்காக அது விட்டுவிடாது.

அளக்கும் கருவியை நானே செய்தேன். ஒரு பலகையில் தெளிவான பிளாஸ்டிக் குழாயை யு வடிவத்தில் கட்டி, பாதி வரை சாயம் கலந்த தண்ணீர் ஊற்றினேன். ஒவ்வொரு கையும் 600 மி.மீ. உயரம். ஒரு முனை திறந்திருக்கும், மறுமுனை எஞ்சினுக்குப் போகும். முதலில் டிப்ஸ்டிக் குழாயில் மாட்டினேன். அது தப்பு. என் எஞ்சினில் அந்தக் குழாயின் அடிமுனை ஆயிலுக்குள் மூழ்கியிருக்கிறது, ஆயில் ஏறிக் குழாயை நாசமாக்கியது. பிறகு உபரியாக இருந்த ஆயில் மூடி ஒன்றில் துளை போட்டு, சின்ன நிப்பிள் வைத்து, அதில் மாட்டினேன். இன்னொரு தப்பும் செய்தேன்: ஒரு பக்கம் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று மட்டும் பார்த்தேன். இரண்டு பக்க மட்டங்களுக்கும் இடையிலுள்ள முழு வித்தியாசம்தான் கணக்கு. ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தால் பாதிதான் வரும். சுமார் 100 மி.மீ. தண்ணீர் என்றால் 1 கிலோபாஸ்கல். எஞ்சினுக்கு எஞ்சின் அனுமதிக்கும் அளவு வேறு, உங்கள் சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள்.

ஐடிலில் 15 மி.மீ. மனம் உடைந்தது, இதுவும் வீண் என்று நினைத்தேன். அந்த இருபது நிமிடச் சோதனை எங்களை இரண்டு முறை ஏமாற்றியதும் இதனால்தான் என்று அப்போது உறைக்கவில்லை. "சுமை இல்லாம பாத்தா ஒண்ணும் தெரியாது, ஓட்டிக்கிட்டே பாரு" என்றார் நண்பர்.

மறுநாள் ஒருவரைச் சுக்கானில் நிறுத்திவிட்டு, பெல்ட்டிலிருந்து தள்ளி உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிடத்துக்கு 2,400 சுற்றில் முதல் பத்து நிமிடம் 60 மி.மீ. இருபதாவது நிமிடம் 140. எஞ்சின் நன்றாகச் சூடானதும் ஏறிக்கொண்டே போய், முக்கால் மணியில் திறந்த முனை வழியே தண்ணீர் வெளியே தெறித்தது. 600-ஐத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். அத்தனை மாதம் கழித்து முதல் முறையாகக் கையில் ஓர் எண் கிடைத்தது.

உடனே வந்த பயம் ரிங். ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்தோம், நாலு சிலிண்டரும் 26-க்கும் 28 பாருக்கும் இடையில். பிரமாதம், ரிங்கில் கோளாறு இல்லை. ஆனால் இதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு, அரை நிமிடம்தான் ஆகும். எஞ்சின் சூடாக இருக்கும்போது பிரீதர் ஹோஸை வால்வு கவரிலிருந்து கழற்றிவிட்டு, அதே சுற்றில் மறுபடி அளப்பது. அழுத்தம் விழுந்தால் அடைப்பு ஹோஸிலோ அதற்கு அப்பாலோ இருக்கிறது. விழாவிட்டால் வால்வு கவருக்குள் இருக்கும் பிரீதர் பாதையையும் ரிங்கையும் சந்தேகப்படலாம். எனக்கு 30 மி.மீ.க்கு இறங்கியது. அந்தப் புகை எஞ்சின் அறைக்குள் வரும், அதனால் மூடியைத் திறந்துவைத்துச் சட்டென்று முடித்துவிடுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் பிரீதரை அடைத்து மட்டும் சோதிக்காதீர்கள்.

அந்தப் புகையிலிருந்து ஆயில் துளிகளைப் பிரித்தெடுக்கும் ஆயில் பிரிப்பானைத் திறந்தேன். கம்பிவலையில் கொஞ்சம் கசடு, மண்ணெண்ணெயில் கழுவியதும் போய்விட்டது. அது மட்டும் 600 மி.மீ.க்குக் காரணமாக முடியாது. ஹோஸ் வெளியே பார்க்கப் புத்தம் புதிது, ஊதினால் காற்று தாராளமாகப் போனது. ஏற்கெனவே ஒரு முறை அதை ஊதிப் பார்த்து "ஹோஸ் நல்லாருக்கு" என்று முடிவு கட்டியிருந்தேன். இந்த முறை கத்தியால் நீளவாக்கில் கிழித்தேன். உள்சுவர் ஆயிலில் ஊறி, உப்பி, துணிப்படலத்திலிருந்து பிரிந்து நாக்கு போலத் தொங்கியது. ஆறினால் சுருங்கி வழி விடும். சூடானால் தளர்ந்து சாய்ந்து அடைத்துக்கொள்ளும். அது எஞ்சினைக் குளிர்விக்கும் நீருக்கான ரப்பர் ஹோஸ். அந்த ரப்பர் பெரும்பாலும் இபிடிஎம் என்ற ரகம், அதற்கு மினரல் ஆயில் ஆகவே ஆகாது, உப்பிவிடும். பிரீதருக்கு ஆயில் தாங்கும் ஹோஸ்தான் போட வேண்டும்.

அதை மாட்டியது யார் என்று பழைய பில்களைத் தேடினேன். ஒழுகல் தொடங்குவதற்கு முந்தைய சர்வீஸில், இதே பட்டறை. ஹோஸைக் கொண்டுபோய்க் காட்டினேன். "இப்படி ஆகும்னு யாருக்குத் தெரியும் சார்" என்றார்கள். இரண்டு முறை இறக்கிய கூலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வாக்குவாதம் செய்தேன், பலனில்லை. எந்தப் பட்டறையிடமும் ஹோஸ் மாற்றினால் என்ன ரகம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். சீலைக் காரணம் காட்டினால், சூட்டில், சுமையில் எடுத்த கிராங்க் கேஸ் அளவைக் கேளுங்கள்.

இன்னொன்றும் அந்தச் சாக்கில் சரியானது. எஞ்சின் சாய்வாக உட்கார்ந்திருப்பதால் டிப்ஸ்டிக் கோடு பொய் சொல்லிக்கொண்டிருந்தது, ஆயில் எப்போதும் கூடுதலாகவே இருந்திருக்கிறது. முழுவதும் வடித்து, மேனுவல் சொன்ன அளவை ஊற்றி, புதுக் கோடு கீறிவிட்டேன்.

ஆயில் தாங்கும் ஹோஸ் மாட்டி நாலரை மணி நேரம் ஓட்டினேன். சூட்டில், 2,400 சுற்றில் 35 மி.மீ., அதற்கு மேல் அசையவில்லை. டிப்ஸ்டிக் இடத்தைவிட்டு நகரவில்லை. அடித்துளைக்குக் கீழே விரித்திருந்த வெள்ளைத் துணியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. பின்பக்கத்தில் இரண்டாவதாகப் போட்ட அதே சீல்தான் இன்னும் இருக்கிறது. முன்பக்கமும் சுத்தம். வால்வு கவர் ஓரத்தில் மட்டும் சின்ன ஈரம் பாக்கி. அந்த கேஸ்கெட்டை அடுத்த வாரம் நானே மாற்றப்போகிறேன்.