பிளஸ் டூ பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் நூலகத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறோம். பாடத்தைக்கூடச் சமாளித்துவிடுகிறார்கள். கல்லூரியில் சேர்வது பற்றிய விவரங்கள்தான் பலருக்கும் போய்ச் சேரவில்லை.

பொறியியல் சேர்க்கைக்குப் பார்க்கும் மார்க், அதாவது கட் ஆஃப், 200க்கு. கணக்கு 100 அப்படியே சேரும். இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதியாக 50, 50. "அப்போ தமிழ் மார்க்?" என்றான் ஒருவன். கட் ஆஃபில் சேராது தம்பி, ஆனால் பாஸாகணும்!

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. மருத்துவத்துக்கு 2020இல் வந்தது, பொறியியலுக்கு அடுத்த வருஷம். இடையில் ஒரு வருஷம் தனியார் பள்ளிக்குப் போய்வந்த பிள்ளைகளிடம் இதைச் சொல்வதுதான் கஷ்டமான வேலை.

நீட்டில் தப்பான விடைக்கு ஒரு மார்க் போகும். எழுதாமல் விட்டால் போகாது.

வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள். வருமானச் சான்றும் அப்படியே. ரிசல்ட் வந்த பிறகு கூட்டம் தாங்காது. அப்புறம், விண்ணப்பிக்கும்போது ஓடிபி வர உங்கள் வீட்டு போன் நம்பரையே கொடுங்கள். பிரவுசிங் சென்டர்காரர் நம்பர் வேண்டவே வேண்டாம்.